ஃபோட்டான் என்பது அந்த சைன் அலையின் ஒரு துண்டா? லேசரை மங்கவைத்தால் ஒற்றை ஃபோட்டான் கிடைக்குமா?

பிளவுக்கோடு (கேள்வி)

வணக்கம். மின்காந்த அலைக்குப் பாடப்புத்தகத்தில் வரும் படம் எல்லோருக்கும் தெரியும். மின்புலம் மேலும் கீழும், காந்தப்புலம் பக்கவாட்டில், இரண்டும் வளைந்து வளைந்து முன்னே போகும். அடுத்த பாடத்திலேயே ஒளி என்பது ஃபோட்டான்கள் என்று வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது மூன்று இடத்தில் மாட்டிக்கொள்கிறேன்.

ஒன்று: ஃபோட்டான் அந்தப் படத்தில் எங்கே இருக்கிறது? சைன் அலையில் ஒரு துண்டை வெட்டினால் அதுதான் ஃபோட்டானா? அல்லது அந்த வளைவின் மேல் பாம்புபோல நெளிந்து போகும் துகளா?

இரண்டு: கடையில் வாங்கும் சிவப்பு லேசர் பாயிண்டரை எடுத்துக்கொள்வோம். 650 நானோமீட்டர், 1 மில்லிவாட், கற்றையின் விட்டம் 2 மி.மீ. அதில் மின்புலம் உண்மையில் எத்தனை வோல்ட்/மீட்டர்? வினாடிக்கு எத்தனை ஃபோட்டான்?

மூன்று: பள்ளிக் கண்காட்சிக்காக ஒரு அமைப்பு யோசித்திருக்கிறோம். 1 மீட்டர் நீளக் கறுப்புப் பெட்டி, வாயில் அந்த லேசர், அடுத்து ஓ.டி. 3 அளவுள்ள (ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காக மங்கவைக்கும்) மூன்று என்.டி. ஃபில்டர்கள், பிறகு இரட்டைப் பிளவு (இடைவெளி 0.25 மி.மீ., ஒவ்வொரு பிளவும் 0.05 மி.மீ. அகலம்), அரை மீட்டர் தள்ளி கேமரா. "இங்கே ஃபோட்டான்கள் ஒவ்வொன்றாகச் செல்கின்றன" என்று பலகை வைக்கலாமா?

---

புலக்கோடு

முதலில் படத்தைச் சரிசெய்வோம், குழப்பத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

அந்த அம்புக்குறிகளின் நீளம் தூரம் அல்ல. ஒளி செல்லும் நேர்கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் "இங்கே இந்தக் கணத்தில் மின்புலம் இத்தனை வோல்ட்/மீட்டர், இந்தத் திசையில்" என்று எழுதிவைத்த குறிப்புதான் அம்பு. வெப்பநிலை வரைபடத்தில் கோடு மேலே ஏறினால் தெர்மாமீட்டர் மேலே ஏறியதாக யாரும் நினைப்பதில்லை, இதுவும் அப்படித்தான். பக்கவாட்டில் எதுவும் நகர்வதில்லை, நெளிவதும் இல்லை. ஒரு தளஅலையின் (விரியாமல் ஒரே திசையில் செல்லும் அலையின்) புலம் கோட்டின் மேல் மட்டும் இருப்பதாகவும் நினைக்கக் கூடாது. கற்றையின் முழு அகலத்திலும் அது பரவியிருக்கிறது.

இன்னொன்று. மின்புலம் உச்சத்தில் இருக்கும்போது காந்தப்புலம் சுழி, ஒன்றின் ஆற்றல் மற்றொன்றுக்கு மாறி மாறிப் போகிறது என்று பலர் எழுதுகிறார்கள். முன்னேறும் அலைக்கு இது தவறு. இரண்டும் ஒரே கட்டத்தில் ஏறி, ஒரே கட்டத்தில் இறங்குகின்றன. கால் அலைநீள விலகல் வருவது நிலை அலையில்தான். மைக்ரோவேவ் அடுப்புக்குள் இருப்பது அந்த வகை: 2.45 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 12.2 செ.மீ. தட்டைச் சுழலவிடாமல் அப்பளங்களைப் பரப்பிவைத்துப் பாருங்கள், ஏறக்குறைய 6 செ.மீ.க்கு ஒருமுறை பொரிந்த இடங்கள் தெரியும். உள்ளே பல திசை அலைகள் கலப்பதால் அளவு கச்சிதமாக வராது.

இனி உங்கள் பாயிண்டர். 650 நானோமீட்டருக்கு அதிர்வெண் 4.61 × 10¹⁴ ஹெர்ட்ஸ். பிளாங்க் மாறிலியால் பெருக்கினால் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் 3.06 × 10⁻¹⁹ ஜூல், அதாவது 1.91 எலெக்ட்ரான்வோல்ட். 1 மில்லிவாட்டை அதால் வகுத்தால் வினாடிக்கு 3.27 × 10¹⁵ ஃபோட்டான்.

புலத்துக்குச் செறிவு வேண்டும். 2 மி.மீ. விட்டத்துக்குப் பரப்பு 3.14 × 10⁻⁶ சதுரமீட்டர், ஆகவே செறிவு சுமார் 318 வாட்/சதுரமீட்டர். இதை இரண்டால் பெருக்கி, வெற்றிடத்தின் மின்மறுப்பான 377 ஓமால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள்: வீச்சு சுமார் 490 வோல்ட்/மீட்டர். (அந்த இரண்டை விட்டுவிட்டால் வருவது உச்ச மதிப்பல்ல, இருமடிமூலச் சராசரி. 346 என்று விடை வந்தால் தவறு இங்கேதான்.) காந்தப்புல வீச்சுக்கு ஒளியின் வேகத்தால் வகுக்க வேண்டும்: 1.6 மைக்ரோடெஸ்லா. தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலம் 40 மைக்ரோடெஸ்லாவை ஒட்டியது, அதில் இது இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஆனாலும் திசைகாட்டி அசையாது. வினாடிக்கு 461 லட்சம் கோடி முறை திசைமாறும் புலத்தை ஊசி எப்படிப் பின்தொடரும்?

துண்டு வெட்டும் கதைக்கு வருவோம். 490 வோல்ட்/மீட்டர் அலையை எத்தனை சிறிதாக வெட்டினாலும் அதற்கு "ஒரு ஃபோட்டான்" என்ற முத்திரை தானாக விழாது. புலத்தின் ஒரு குறிப்பிட்ட அதிர்வு வடிவத்தை மோடு என்கிறோம். அந்த மோடு எத்தனை படி ஏறியிருக்கிறது என்ற எண்ணிக்கைதான் ஃபோட்டான் எண். ஒரு படியின் உயரம் அதிர்வெண் பெருக்கல் பிளாங்க் மாறிலி. மோடு 1 மீட்டர் நீளமாக இருக்கலாம், 1 மைக்ரோமீட்டராகவும் இருக்கலாம். அதனால் "ஃபோட்டானின் நீளம் எவ்வளவு" என்று கேட்டால் எந்த மூலத்திலிருந்து வந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டும். 4.7 நானோவினாடி ஆயுள் கொண்ட கால்சியம் நிலையிலிருந்து வந்தால் அலைத்தொகுதி ஏறக்குறைய 1.4 மீட்டர் நீளம். வெள்ளை ஒளியில் மைக்ரோமீட்டர் கணக்குதான்.

---

நீலக்கதிர்

மூன்றாவது கேள்வி சுலபம். ஒளி 1 மீட்டரைக் கடக்க 3.34 நானோவினாடி. அந்த நேரத்தில் பாயிண்டரிலிருந்து வருவது 1.09 × 10⁷ ஃபோட்டான். ஓ.டி. 3 என்றால் ஆயிரத்தில் ஒன்று, மூன்று ஃபில்டர் சேர்ந்தால் 10⁹இல் ஒன்று. ஆக எந்தக் கணத்திலும் பெட்டிக்குள் சராசரியாக 0.01 ஃபோட்டான். நூறு முறை எட்டிப்பார்த்தால் தொண்ணூற்றொன்பது முறை பெட்டி காலி. தாராளமாகப் பலகை வைக்கலாம். ஒளி துகள்தான் என்பதை ஐன்ஸ்டைனின் ஒளிமின் விளைவு 1905லேயே நிரூபித்துவிட்டது, அதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

---

எண்ணி

கணக்கு சரி, முடிவு சரியில்லை. இரண்டிலும்.

சராசரி 0.01 என்பதால் "ஒவ்வொன்றாக" என்று ஆகிவிடாது. லேசர் ஒளியில் ஃபோட்டான் எண்ணிக்கை பாய்சான் பரவலில் இருக்கும், அதாவது ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக வருபவற்றின் பரவலில். ஃபில்டர் சராசரியைக் குறைக்கும், பரவலின் வகையைத் தொடாது. சராசரி 0.1 எனக் கொண்டால் காலியாக இருக்க வாய்ப்பு 90.5%, ஒன்று 9.05%, இரண்டோ அதற்கு மேலோ 0.47%. காலியல்லாத தருணங்களை மட்டும் எடுத்தால் இருபதில் ஒன்றில் இரண்டாவது ஆள் இருக்கிறார். 0.01க்கு இறங்கினால் இருநூறில் ஒன்று. எவ்வளவு இறங்கினாலும் அவரை முழுக்க விரட்ட முடியாது.

"அரிதுதானே, விட்டுவிடலாமே" என்பீர்கள். விடக் கூடாது, ஏனென்றால் ஒற்றை ஃபோட்டானா இல்லையா என்பதற்கான சோதனையே அந்த அரிதான நிகழ்வில்தான் இருக்கிறது. கற்றையை 50:50 பீம் ஸ்பிளிட்டரில் (ஒளியைச் சரிபாதியாக இரு பக்கம் பிரிக்கும் கண்ணாடியில்) விட்டு, இரு பக்கமும் ஒவ்வொரு டிடெக்டர் வையுங்கள். இரண்டும் வினாடிக்கு 1,00,000 கிளிக் தருகின்றன, ஒரேநேரம் என்று எடுத்துக்கொள்ளும் சாளரம் 10 நானோவினாடி என்று கொள்வோம். தற்செயலாக மட்டுமே இரண்டும் சேர்ந்து கிளிக் ஆவது 10⁵ × 10⁵ × 10⁻⁸, அதாவது வினாடிக்கு 100. மங்கவைத்த லேசரில் அதே 100 வரும். மேலும் மங்கவைத்தால் எண்ணிக்கை குறையும், ஆனால் அளந்த எண்ணுக்கும் தற்செயல் எண்ணுக்கும் உள்ள விகிதம் 1ஐ விட்டு நகராது. நல்ல ஒற்றை ஃபோட்டான் மூலத்தில் அந்த விகிதம் சுழியை நெருங்கும், ஏனென்றால் பிரிக்க முடியாத ஒன்று இரு பக்கமும் கிளிக் தராது. வெப்ப ஒளியில் 2 வரை போகும். 1956இல் ஹான்பரி பிரவுனும் ட்விஸ்ஸும் கண்ட திரட்சி, அதாவது ஃபோட்டான்கள் சேர்ந்து சேர்ந்து வருவது, அதுதான்.

இதைத் தெளிவாகச் செய்துகாட்டியவர்கள் கிராஞ்சியே, ரோஜே, அஸ்பே மூவர், 1986இல், பிரான்சில். கால்சியம் அணு அடுத்தடுத்து இரண்டு ஃபோட்டான் உமிழும். 551 நானோமீட்டர் ஃபோட்டான் வந்தால் "அடுத்தது வருகிறது" என்று கதவைத் திறப்பார்கள், 423 நானோமீட்டர் ஃபோட்டான் பீம் ஸ்பிளிட்டருக்குப் போகும். நான் சொன்ன விகிதம் அவர்களுக்கு 0.18 வரை இறங்கியது. எந்தப் பழைய அலைக் கொள்கையாலும் அது 1க்குக் கீழே வர முடியாது. அதே ஃபோட்டான்களைக் குறுக்கீட்டுமானியில் (ஒளியை இரு பாதையில் பிரித்து மீண்டும் சேர்க்கும் கருவியில்) விட்டபோது குறுக்கீட்டுப் பட்டைகளும் வந்தன. இதற்கு முன்பே, 1977இல், கிம்பிள், டகெனே, மண்டெல் ஆகியோர் சோடியம் அணுக்களின் ஒளியில் ஃபோட்டான்கள் ஒன்றையொன்று ஒதுங்கி வருவதைக் கண்டிருந்தார்கள்.

ஒளிமின் விளைவு பற்றி: உலோகத்தை மட்டும் குவாண்டமாக எடுத்து, ஒளியை மேக்ஸ்வெல் அலையாகவே விட்டுக் கணக்குப் போட்டாலும் ஐன்ஸ்டைனின் சமன்பாடும் பயன்தொடக்க அதிர்வெண்ணும் வந்துவிடும். லாம்பும் ஸ்கல்லியும் 1969இல் இதை விரிவாகக் காட்டினார்கள். ஐன்ஸ்டைனின் ஊகம் சரிதான். அந்த ஒரு சோதனை மட்டும் போதுமான சாட்சி இல்லை, அவ்வளவே. இந்த வேறுபாட்டைப் பாடப்புத்தகங்கள் இன்னும் சொல்லாமலே போகின்றன.

ஒரு உபரிச் செய்தி. எந்த ஒளியைப் பழைய அலையாகவே எழுதலாம், எதை எழுத முடியாது என்று பிரித்துக்காட்டும் கணித வடிவம் 1963இல் சுதர்சனும் கிளாபரும் தந்தது. சுதர்சன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், 1980களில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தவர்.

---

பிளவுக்கோடு

நன்றி. பலகை வாசகத்தை மாற்றத்தான் வேண்டும். இரண்டு சந்தேகம் மிச்சம். எண்ணிக்கை துல்லியமாக ஒன்று என்றால் அப்போது அதிர்வது எது? இரண்டாவது, மொபைல் கேமராவில் பட்டை எதுவும் தெரியவில்லை, ஒரே கறுப்பு. மின்தடை சேர்த்து லேசரை மங்கவைத்துப் பார்த்தபோது பட்டை தெரிந்தது, ஆனால் பளிச்சென்று இல்லை.

---

புலக்கோடு

முதல் சந்தேகத்துக்கு நேர்விடை: ஃபோட்டான் எண் துல்லியமாக ஒன்று என்ற நிலையில் மின்புலத்தின் சராசரி மதிப்பு எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் சுழி. படத்தில் இருக்கும் சைன் வளைவு அங்கே கிடையாது. காரணம், எண்ணிக்கையைக் கறாராகப் பிடித்துவிட்டதால் கட்டம் முழுக்க நிச்சயமற்றுப் போகிறது. அலை இப்போது உச்சத்தில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா என்ற கேள்விக்கே அங்கே பதில் இல்லை. ஆனால் புலத்தின் வர்க்கச் சராசரி சுழியல்ல, வெற்றிடத்தில் இருப்பதைவிட மும்மடங்கு. 2001இல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸில் இதை அளந்தே காட்டினார்கள். ஒரு வலுவான லேசரோடு ஒற்றை ஃபோட்டானைக் கலந்து, புலத்தின் மதிப்பைத் திரும்பத் திரும்பக் குறித்தார்கள். வெற்றிடத்துக்கு வருவது நடுவில் உயர்ந்த மணி வடிவம். ஒற்றை ஃபோட்டானுக்கு நடுவில் குழியும் இரு பக்கமும் திமிலும்.

அப்படியானால் பட்டை எப்படி வருகிறது? பிளவு இரண்டின் வழியாகவும் பரவுவது மோடு. அதன் வடிவம் மேக்ஸ்வெல் சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டது. எங்கே கூடும், எங்கே அடங்கும் என்பதை அது தீர்மானிக்கிறது. அந்த மோடில் ஒரு படி ஏறியிருக்கிறது என்பது ஃபோட்டான். கிளிக் ஓரிடத்தில் விழும். விழும் வாய்ப்பு மோடின் வர்க்கத்துக்கேற்ப இருக்கும்.

லேசர், வானொலி இரண்டிலும் நிலைமை வேறு. அங்கே எண்ணிக்கை நிச்சயமற்றது, கட்டம் தெளிவானது. உங்கள் பாயிண்டரில் ஒரு நானோவினாடிக்குச் சராசரி 33 லட்சம் ஃபோட்டான், தடுமாற்றம் அதன் வர்க்கமூலம், சுமார் 1,800. இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். எனவே சைன் வளைவு நன்றாகவே பொருந்தும். 100 மெகாஹெர்ட்ஸ் பண்பலை இன்னும் தீவிரம்: ஒரு ஃபோட்டானின் ஆற்றல் 4.1 × 10⁻⁷ எலெக்ட்ரான்வோல்ட், 10 கிலோவாட் ஒலிபரப்பி வினாடிக்கு 1.5 × 10²⁹ அனுப்புகிறது. அறைவெப்பத்திலேயே அந்த அலைவரிசையின் ஒவ்வொரு மோடிலும் 62,000 வெப்ப ஃபோட்டான்கள் குந்தியிருக்கும்போது ஒன்று கூடுவதையோ குறைவதையோ சாதாரண ஆன்டெனா எப்படி அறியும்? ஆன்டெனா உணர்வது புலத்தை, கண்ணின் விழித்திரையும் ஃபோட்டோடையோடும் உணர்வது ஆற்றல் படியை. கருவி எந்தக் கேள்வியைக் கேட்கிறதோ அந்த முகம் தெரிகிறது.

ஒளியின் புலம் உண்மையில் அதிர்கிறதா, கணக்குக்காகச் சொல்கிறோமா என்ற ஐயமும் சிலருக்கு உண்டு. 2004இல் அட்டோவினாடி (10⁻¹⁸ வினாடி) அளவிலான துடிப்புகளைக் கொண்டு லேசர் துடிப்பு ஒன்றின் மின்புலம் ஏறி இறங்குவதை நேரடியாகவே வரைந்துவிட்டார்கள். 2023 நோபல் அந்தத் துறைக்குத்தான்.

---

பட்டைமேசை

கேமராவுக்கு வருகிறேன். மொபைலில் கறுப்பாக வருவது இயல்பு, லேசரைக் குறை சொல்ல வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். ஃபில்டர் தாண்டி வருவது வினாடிக்கு 33 லட்சம் ஃபோட்டான். 2 மி.மீ. கற்றையில் 0.05 மி.மீ. பிளவுகள் இரண்டு என்றால் உள்ளே போவது ஏறக்குறைய 5%. அரை மீட்டரில் நடு ஒளிப்பகுதி 13 மி.மீ. அகலம், 2 மி.மீ. உயரம் பரவும். 4 மைக்ரோமீட்டர் பிக்சல் என்றால் 16 லட்சம் பிக்சல்கள். பிக்சலுக்கு வினாடிக்கு 0.1 ஃபோட்டான்! மொபைலில் லென்ஸ் வேறு குறுக்கே நிற்கிறது. பட்டைகள் வெறும் சென்சார் மேலேயே விழ வேண்டும்.

வானியல் படம் எடுப்போர் வைத்திருக்கும் குளிரூட்டிய கறுப்பு-வெள்ளை கேமரா ஒன்றை இரவல் கேளுங்கள். வண்ண சென்சார் வேண்டாம், நான்கில் ஒரு பிக்சல்தான் சிவப்பைப் பார்க்கும். 30 வினாடி எக்ஸ்போஷர் கொடுத்தாலும் ஒரு பிக்சலில் ஒன்றிரண்டு எலெக்ட்ரான்தான் சேரும், கேமராவின் வாசிப்பு இரைச்சலும் அதே அளவு. ஆகவே படத்தைப் பார்த்தால் மணல் தூவியதுபோல இருக்கும், சோர்ந்துவிட வேண்டாம். பட்டைகள் சென்சாரின் நெடுக்கை வரிசைக்கு இணையாக இருக்கும்படி பிளவைத் திருப்பி, ஒவ்வொரு நெடுக்கை வரிசையிலும் 500 பிக்சல்களைக் கூட்டுங்கள். வரிசைக்குச் சுமார் 700 எலெக்ட்ரான், மொத்த இரைச்சல் 40 சொச்சம். பட்டை பளிச்சென்று எழும். பட்டை இடைவெளி 1.3 மி.மீ., அதாவது 325 பிக்சல் வர வேண்டும். வராவிட்டால் நீங்கள் பார்ப்பது வேறு ஏதோ.

மின்தடை வைத்து மங்கவைப்பதை நிறுத்துங்கள். லேசர் டையோடுக்கு ஒரு தொடக்க மின்னோட்டம் உண்டு. அதற்குக் கீழே போனால் அது எல்.இ.டி.யாகிவிடும்: நிறமாலை அகலும், கற்றை விரியும், ஃபோட்டான் புள்ளியியலும் லேசருடையதாக இருக்காது. பட்டை மங்கியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பட்டன் செல் தீர்ந்துகொண்டே வரும்போதும் இதே கோளாறு வரும், ஆகையால் பாயிண்டருக்கேற்ற வோல்ட் தரும் நிலையான மின்வழங்கி போடுங்கள். போலராய்டு தாளைச் சுழற்றி மங்கவைப்பதிலும் கவனம் தேவை. டையோடு ஒளி ஏற்கெனவே தளவிளைவு அடைந்தது, தாளைத் திருப்பும் கோணம் சற்று மாறினாலும் அளவு எகிறும்.

ஃபில்டர்கள் மூன்றையும் ஒட்டி அடுக்கினால் அவற்றுக்கிடையே எதிரொளித்த பேய்ப்பிம்பங்கள் பிளவின் மேல் விழும். ஒவ்வொன்றையும் சில டிகிரி வெவ்வேறு பக்கம் சாய்த்து வையுங்கள். மூன்றையும் பிளவுக்கு முன்னாலேயே வைத்தால் பார்ப்பவர்களுக்கு வாதம் புரியும். பச்சை பாயிண்டர் பக்கமே போகாதீர்கள்: மலிவானவற்றில் 808, 1064 நானோமீட்டர் அகச்சிவப்புக் கசியும். கண்ணுக்குத் தெரியாது, பல என்.டி. ஃபில்டர்கள் அதைச் சரியாகத் தடுப்பதுமில்லை, சென்சாரோ பார்த்துவிடும்.

மூன்று ஃபில்டரும் சேர்ந்த ஓ.டி. 9இல் உங்கள் எதிரி பெட்டியின் மூலைகளில் கசியும் ஒளி. லேசரை அணைத்து 30 வினாடி ஒன்று, லேசரை எரியவிட்டு ஃபில்டர்களுக்கு முன்னால் கறுப்புத்தாளால் மறைத்து இன்னொன்று எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் லேசர் ஒளி பக்கவாட்டில் கசியவில்லை என்று பொருள். இரண்டாவதில் வெளிச்சம் கூடினால் ஃபில்டர் சட்டத்தைச் சுற்றிக் கறுப்புத் துணியை மடித்துச் சொருகுங்கள். மெல்லிய கறுப்புப் பிளாஸ்டிக் ஒட்டுநாடா அகச்சிவப்பைக் கடத்தலாம், அதை நம்பாதீர்கள்.

முதலில் ஃபில்டர் இல்லாமல் வெள்ளைத்தாளில் பட்டையைப் பார்த்து எல்லாவற்றையும் நேர்ப்படுத்திவிட்டு, கேமராவைப் பொருத்தும் முன் ஃபில்டரைப் போடுங்கள். வரிசை மாறினால் சென்சார் நிறைந்துபோகும். "1 மில்லிவாட்" என்று அச்சிட்ட பாயிண்டர் ஐந்து, பத்து மில்லிவாட் தருவதும் உண்டு. மாணவர்கள் கூடும் இடத்தில் கற்றை பெட்டிக்குள்ளேயே முடியட்டும், கணக்கில் போடும் முன் ஒருமுறை பவர்மீட்டரில் அளந்துவிடுங்கள்.

---

பிளவுக்கோடு

கேமரா கிடைக்க வழியிருக்கிறது. பலகைக்கு இந்த வாசகம் சரியா: "பெட்டிக்குள் சராசரியாக 0.01 ஃபோட்டான். அப்படியும் பட்டைகள் உருவாகின்றன."

---

எண்ணி

சரி. அதில் பொய் இல்லை. கீழே சின்ன எழுத்தில் 1909இல் கேம்பிரிட்ஜில் ஜி. ஐ. டெய்லர் செய்ததைச் சேர்க்கலாம்: வாயுச்சுடர், புகையேற்றிய கண்ணாடிகள், ஒரு ஊசி, புகைப்படத் தகடு. மிக மங்கிய ஒளியில் ஏறக்குறைய 2,000 மணி நேரம் தகடு வைத்தார், ஊசி நிழலின் விளிம்புப் பட்டைகள் கொஞ்சமும் கலையவில்லை. உங்கள் பெட்டி அந்தச் சோதனையின் வாரிசு, கிராஞ்சியேயுடையதன் வாரிசு அல்ல.

ஒற்றை ஃபோட்டான் என்றே எழுத வேண்டுமென்றால் 405 நானோமீட்டர் டையோடு லேசரும் பி.பி.ஓ. படிகமும் வேண்டும். ஒரு ஃபோட்டான் உடைந்து 810 நானோமீட்டரில் இரண்டாகும், ஒன்றின் கிளிக் மற்றொன்றின் வருகையை அறிவிக்கும். கல்லூரி ஆய்வகங்களில் இன்று செய்யக்கூடியதுதான், ஆனால் பீம் ஸ்பிளிட்டர் சோதனைக்கு மூன்று ஒற்றை ஃபோட்டான் டிடெக்டர்களும் ஒரேநேரக் கிளிக்குகளை எண்ணும் மின்சுற்றும் தேவை. கண்காட்சிச் செலவில் அடங்காது.